டேக் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ அனுப்பியிருந்த விவரங்களை நிதானமாகப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிக்கல் தீர்ந்த பிறகும் "ஏன் தீர்ந்தது?" என்று கேட்பவர்கள் குறைவு. நீ கேட்டிருக்கிறாய். அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன். டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு படி.

நான் புரிந்துகொண்டது சரிதானா பார். ஒரு கே.வி.எம். சர்வர், அதில் ஓப்பன் வி-சுவிட்ச். ஃபயர்வாலாக ஓடும் வி.எம்.முக்குப் பல வீலேன்களை டிரங்க்காகக் கொடுத்திருக்கிறீர்கள். அதே சர்வரில் இருக்கும் மற்ற வி.எம்.களிலிருந்து ஃபயர்வாலைத் தாண்டிப் பிங் போகிறது, ஆனால் இணையப் பக்கம் திறக்கவில்லை. கூட வேலை செய்யும் அண்ணன், "ஆஃப்லோட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடும்மா" என்றார். பண்ணியதும் பக்கம் திறந்துவிட்டது. இனி எல்லாச் சர்வர்களிலும் தொடக்க ஸ்கிரிப்டிலேயே அந்த வரியைப் போட்டுவிடலாமா என்று கேட்கிறாய்.

வேண்டாம். அவர் சொன்னது அந்த நேரத்துக்கு உதவியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கட்டளையில் ஆறேழு வசதிகளை நிறுத்தியிருக்கிறீர்கள். அவற்றில் எது குற்றவாளி என்று உங்கள் இருவருக்கும் தெரியாது. தெரியாத மருந்தை எல்லாச் சர்வருக்கும் கொடுக்கக் கூடாது.

முதலில், ஃபிரேம் எந்த வீலேனைச் சேர்ந்தது என்று சொல்லும் டேக்கைப் பார்ப்போம். அது நான்கே பைட். ஐ.இ.இ.இ. 1998-இல் வெளியிட்ட 802.1க்யூ தரம் அதை வரையறுத்தது. ஈதர்நெட் ஃபிரேமின் தொடக்கத்தில் பெறுநரின் மேக் முகவரிக்கு ஆறு பைட், அனுப்புநருடையதற்கு ஆறு பைட். அந்தப் பன்னிரண்டுக்கும் அடுத்து இந்த நான்கும் செருகப்படுகின்றன. முதல் இரண்டு பைட்டில், பதினாறடிமான எண்ணாக எழுதினால் 8100 என்ற அடையாளம். அடுத்த 16 பிட்டில் முன்னுரிமைக்கு 3, நெரிசல் வந்தால் இதைக் கழித்துவிடலாம் என்ற குறிப்புக்கு 1, வீலேன் எண்ணுக்கு 12. பன்னிரண்டு பிட்டில் 4096 எண்கள் கிடைக்கும். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் நமக்கு மிஞ்சுவது 4094. ஃபிரேமின் உச்ச நீளம் 1518 பைட்டிலிருந்து 1522 ஆகிறது. இதெல்லாம் நீ பரீட்சைக்குப் படித்ததுதான்.

பாடப் புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு பாக்கெட் பயணம் செய்யும்போது, பெரும்பாலான நேரம் அந்த நான்கு பைட் பாக்கெட்டுக்குள் இருப்பதில்லை. கம்பியிலிருந்து ஃபிரேம் வந்ததும் நெட்வொர்க் கார்டு டேக்கை உருவி எடுத்துவிட்டு, வீலேன் எண்ணை மட்டும் தனியாக டிரைவரிடம் ஒப்படைக்கும். டிரைவர் அதைப் பாக்கெட்டைச் சுமக்கும் எஸ்.கே.பஃப் என்ற கட்டமைப்பின் ஒரு புலத்தில் எழுதி வைக்கும். அனுப்பும்போது இது தலைகீழாக நடக்கும்: கெர்னல் எண்ணை மட்டும் கார்டிடம் சொல்லும், கம்பியில் இறங்கும் தறுவாயில் கார்டே டேக்கைச் செருகும். இதுதான் வீலேன் ஆஃப்லோட்.

நான்கு பைட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம். பத்து கிகாபிட் கம்பியில் மிகச் சிறிய ஃபிரேம்களாக வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரும். அந்த வேகத்தில், முன்னாலுள்ள பன்னிரண்டு பைட்டை நகர்த்தி இடம் பண்ணுவதும் கணக்கில் சேரும் வேலைதான். இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. டேக் உள்ளே இருந்தால் ஐ.பி. ஹெடர் 18 பைட் தள்ளித் தொடங்கும், இல்லையென்றால் 14. டேக்கை எல்லோரும் ஓரமாக வைத்துவிட்டால், ஹெடரைத் தேடும் ஒவ்வொரு நிரலும் இந்த இரண்டு கணக்கையும் சுமக்க வேண்டியதில்லை.

லாரி பார்சல் ஆபீசை நினைத்துக்கொள். சேர வேண்டிய இடம் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கலாம், அல்லது பெட்டி வெறுமையாக இருந்து, கூட வரும் பில்லில் மட்டும் இருக்கலாம். இரண்டும் சரியான முறைதான். வழியில் வண்டி மாற்றும் இடத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு பில்லை விட்டுவிட்டால்தான் தகராறு. வி.எம்.கள் ஓடும் சர்வரில் வண்டி மாறும் இடங்கள் பல: கார்டிலிருந்து கெர்னல், கெர்னலிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து டேப் சாதனம் (வி.எம்.முடைய கார்டின் சர்வர் பக்க முனை), அங்கிருந்து வி.எம். நான் பார்த்த வீலேன் சிக்கல்களில் அநேகம் இந்த எல்லைகளில் ஏதோ ஒன்றில்தான் நடந்தன.

இந்த எல்லைச் சிக்கல் மென்பொருள் சுவிட்சைத் தேடி வந்து தாக்கிய காலம் ஒன்று இருந்தது. 2.6.37-க்கு முந்தைய கெர்னல்களில் வீலேன் உருவும் வேலையை ஒவ்வொரு டிரைவரும் தன் போக்கில் செய்தது. சில டிரைவர்கள் டேக்கை உருவிவிட்டு, "இந்த எண்ணுக்கு இந்த மெஷினில் வீலேன் சாதனம் ஏதும் உருவாக்கப்படவில்லையே" என்று பாக்கெட்டையே கைவிட்டன. சாதாரணச் சர்வருக்கு அது பொருந்தும். சுவிட்சாக நடக்கும் சர்வருக்கு எப்படிப் பொருந்தும்? அந்த வீலேன்கள் வி.எம்.களுக்கு உரியவை, சர்வருக்கு வேண்டியது எல்லாவற்றையும் அப்படியே கடத்துவது மட்டும். ஓப்பன் வி-சுவிட்ச் குழுவினர் இதற்காகவே 'வீலேன் ஸ்பிளின்டர்ஸ்' என்ற தற்காலிக ஏற்பாட்டைச் செய்தார்கள், டிரைவரைச் சோதிக்க ஒரு தனிக் கருவியும் எழுதினார்கள். 2010-இல் ஜெஸ்ஸி கிராஸ் இந்த வேலையை டிரைவர்களிடமிருந்து எடுத்து கெர்னலின் மையத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு யிரி பிர்கோ இன்னொரு அடி எடுத்து வைத்தார்: கார்டு டேக்கை உருவாமல் விட்டாலும், பாக்கெட் உள்ளே நுழையும் வாசலிலேயே கெர்னல் அதை உருவி ஓரத்தில் வைத்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி படி. கார்டின் வசதிகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் ஈத்டூலில், பெறும் பக்க வீலேன் ஆஃப்லோடான ஆர்எக்ஸ்-வீலேனை நீ ஆஃப் செய்தால், டேக் உருவப்படுவது நிற்பதில்லை. கார்டு செய்த வேலையைக் கெர்னல் செய்கிறது. சுவிட்சுக்குப் பாக்கெட் போய்ச் சேரும் வடிவம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே, அதை மட்டும் ஆஃப் செய்து சிக்கல் தீர்ந்தால், குற்றம் கார்டு, அதன் ஃபர்ம்வேர், அல்லது டிரைவர் பக்கம் என்று தெரிகிறது. அதை ஆஃப் செய்தும் தீராமல், அனுப்பும் வி.எம்.முக்குள் செக்சம் ஆஃப்லோடை நிறுத்தியதும் தீர்ந்தால் கதை வேறு, தேட வேண்டிய இடம் டேப் எல்லை. பெரிய டி.சி.பி. பாக்கெட்டைத் துண்டு போடுவதைக் கார்டிடம் விடும் டி.எஸ்.ஓ.வை நிறுத்தியதால் தீர்ந்தால், பெரிய பாக்கெட்டைத் துண்டு போடும் இடத்தில் டேக்கும் நீளமும் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தியதால் இந்த மூன்று தடயமும் உனக்குக் கிடைக்காமல் போயிற்று. சோதனைச் சர்வரில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார். நிறுத்திப் பார்ப்பது விசாரணைக்கு நல்ல கருவி, அதையே சிகிச்சையாக வைத்துக்கொள்ளாதே.

உன் அறிகுறிக்கு மிக நெருக்கமாக எனக்குத் தெரிந்த ஒரு பழைய பிழை இருக்கிறது. உன் கெர்னலில் அதே பிழை இருக்கும் என்று சொல்ல வரவில்லை, அது 2014-லேயே சரி செய்யப்பட்டது. ஆனால் டேப் எல்லை எப்படிப்பட்டது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது.

வி.எம்.முக்குள் தெரியும் மெய்நிகர் கார்டான வர்ட்டியோவில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் ஒரு சிறு ஹெடர் போகும். செக்சம் எந்த பைட்டிலிருந்து தொடங்க வேண்டும், அதை எங்கே எழுத வேண்டும், பெரிய பாக்கெட் என்றால் எந்த அளவில் துண்டு போட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீலேன் எண்ணுக்கு அதில் இடமே இல்லை. அதனால் ஓரத்தில் இருக்கும் டேக்கை, டேப் சாதனத்தைத் தாண்டி வி.எம்.முக்குள் அனுப்பும்போது கட்டாயம் பாக்கெட்டுக்குள் திரும்பச் செருகியாக வேண்டும். வி.எம்.முக்குள் ஈத்டூலைக் கேட்டால் ஆர்எக்ஸ்-வீலேன்-ஃபில்டர் ஆன் என்று காட்டும். அதைப் பார்த்து வீலேன் ஆஃப்லோட் இருக்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வசதி எந்தெந்த எண்கள் வேண்டும் என்று சொல்வதற்கு மட்டுமே, டேக்கை உருவவோ செருகவோ அது உதவாது.

இப்போது உன் சர்வரிலேயே வைத்துப் பார். ஒரு வி.எம். டி.சி.பி. பாக்கெட் அனுப்புகிறது. செக்சம் போடாமல், "இங்கே தொடங்கிப் போட்டுக்கொள்ளவும்" என்ற குறிப்போடு விடுகிறது. ஒரே மெஷினுக்குள் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத்தான் போகிறது என்பதால் இது நியாயமான சிக்கனம். சுவிட்ச் அதற்கு வீலேன் எண்ணை ஓரத்தில் எழுதி, டிரங்க் போர்ட்டில் இருக்கும் ஃபயர்வால் வி.எம்.முக்குத் தள்ளுகிறது. டேப் எல்லையில் நான்கு பைட் டேக் உள்ளே செருகப்படுகிறது. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நான்கு பைட் தள்ளிப்போகிறது. ஆனால் "இங்கே தொடங்கு" என்ற எண் பழையபடியே இருந்தது. பிழை அவ்வளவுதான்.

ஃபயர்வால் அந்தப் பாக்கெட்டை அடுத்த பக்கம் அனுப்பும்போது யாரோ ஒருவர் செக்சத்தை எழுதி முடிக்க வேண்டும். அவர் நான்கு பைட் முன்னால் எழுதுகிறார். டி.சி.பி.யில் செக்சம் இருப்பது ஹெடரின் 16-ஆவது பைட்டில். நான்கு முன்னால் போனால் ஹெடர் நீளமும் சின், ஆக் போன்ற கொடிகளும் இருக்கும் இடம். அவை அழிகின்றன. யு.டி.பி.யில் பெறுநரின் போர்ட் எண்ணே அழிகிறது. பிங் மட்டும் ஏன் போயிற்று? ஐ.சி.எம்.பி. செக்சம் அனுப்பும் இடத்திலேயே மென்பொருளில் முழுதாகப் போடப்பட்டுவிடும், யாருக்கும் மிச்சம் வைப்பதில்லை. ஏ.ஆர்.பி.யில் செக்சமே கிடையாது. ஹெர்பர்ட் சூ அனுப்பிய திருத்தம் சில வரிகள்: டேக் ஓரத்தில் இருந்தால், தொடங்கும் இடத்தோடு அந்த நான்கையும் கூட்டிக்கொள். டேப் சாதனத்தை இயக்கும் டன் டிரைவரின் மூலநிரலில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஒரு மாலை உட்கார்ந்து அந்தக் கோப்பைப் படி. வி.எம்.முக்கு அனுப்பும் பாகத்தில், முதலில் பன்னிரண்டு பைட், பிறகு டேக், பிறகு மீதி என்று மூன்று கட்டமாக எழுதுவது அழகாகத் தெரியும்.

ஒரே வீலேனுக்கு உரிய ஆக்சஸ் போர்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே சுவிட்ச் டேக்கை முழுதும் நீக்கிவிட்டே வி.எம்.முக்குக் கொடுக்கும். அதனால் என் கருத்து: ஒரு வி.எம்.முக்கு இரண்டு மூன்று வீலேன் மட்டும் வேண்டுமென்றால் அத்தனை ஆக்சஸ் போர்ட் கொடுத்துவிடு. டிரங்க் உண்மையாகத் தேவைப்படுவது ஃபயர்வால், ரவுட்டர் போன்ற சிலவற்றுக்கே.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், வீலேன் என்பது வேக விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை. அது சுவர். சம்பளக் கணக்கு ஓடும் வி.எம்.மும் விருந்தினர் வைஃபைக்கான வி.எம்.மும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டையும் பிரிப்பது அந்த 12 பிட் எண். எல்லையில் டேக் தொலைந்தால் பாக்கெட் எப்போதும் செத்துவிடும் என்று நினைக்காதே. டேக் இல்லாத ஃபிரேமை, அந்தப் போர்ட்டுக்கு இயல்பாகக் கொடுத்திருக்கும் வீலேனில் சுவிட்ச் சேர்த்துவிடும். அதாவது ஒருவருடைய தரவு இன்னொருவர் வீட்டுக்குள் போய் விழும், எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது. பக்கம் திறக்காமல் போனது உண்மையில் உனக்கு நல்ல காலம், அதனால்தான் தேடினீர்கள். லினக்ஸ் பிரிட்ஜ் பயன்படுத்தும் சர்வர்களிலும் இதைக் கவனி. 2013-இல் வந்த 3.9 கெர்னலிலிருந்து அதற்கு வீலேன் வடிகட்டும் திறன் உண்டு, ஆனால் நாமாக இயக்காதவரை அது அணைந்தே இருக்கும். அணைந்திருந்தால் பிரிட்ஜ் டேக்கை மதிப்பதே இல்லை.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். டிசிபிடம்ப்பை இணைப்பு அடுக்கின் ஹெடரையும் காட்டச் சொல்லி நான்கு இடத்தில் ஓட்டு: அனுப்பும் வி.எம்.முக்குள், அதன் டேப் சாதனத்தில், ஃபயர்வாலின் டேப்பில், ஃபயர்வாலுக்குள். வெளியே போகும் பாக்கெட் என்றால் கார்டிலும். ஒரே பாக்கெட் நான்கிலும் எப்படித் தெரிகிறது என்று அருகருகே வைத்துப் பார். எந்த இரண்டுக்கு நடுவில் மாறியதோ அதுதான் நீ தேடும் எல்லை.

ஆனால் டிசிபிடம்ப் காட்டுவதை அப்படியே பைட்டாக எடுத்துக்கொள்ளாதே. டேக் ஓரத்தில் இருந்தால், கெர்னல் அதைத் துணைத் தகவலாகத் தரும். லிப்பிகேப் நூலகம் அதை உள்ளே செருகி, முழு ஃபிரேம் போல உனக்குக் காட்டும். திரையில் டேக் தெரிவதால் பாக்கெட்டுக்குள் டேக் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அனுப்பும் கார்டில் பிடித்தால், கார்டு டேக்கைச் செருகுவதற்கு முன்பே பார்க்கிறாய். கார்டு உண்மையில் செருகியதா என்பதற்குச் சாட்சி எதிர்ப் பக்க மெஷினோ, அறையிலுள்ள சுவிட்சின் மிரர் போர்ட்டோதான். அதேபோல, அனுப்பும் பக்கத்தில் "செக்சம் தவறு" என்று டிசிபிடம்ப் சொன்னால் பதறாதே, இன்னும் போடப்படாத செக்சம் அது. புதிதாக வருபவர்கள் அதைத் துரத்தி நாளை வீணாக்குகிறார்கள்.

துணைத் தகவலைப் படிக்காமல் பாக்கெட்டை நேரடியாக வாசிக்கும் நிரல்களும் உண்டு. பழைய டி.எச்.சி.பி. கிளையன்டுகள் வி.எம்.முக்குள் முகவரி கிடைக்காமல் நின்றது இதனால்தான்: போடப்படாத செக்சத்தைத் தவறான செக்சம் என்று எண்ணி, வந்த பதிலைத் தூக்கிப் போட்டன. ஐபிடேபிள்ஸில் செக்சத்தை நிரப்பித் தரும் ஒரு தனி இலக்கே அதற்காக வந்தது.

சுவிட்சுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஓப்பன் வி-சுவிட்சின் ட்ரேஸ் கட்டளையைப் பழகிக்கொள். இப்படி ஒரு பாக்கெட் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், டேக்கை எங்கே செருகுவேன், எங்கே நீக்குவேன் என்று வரிவரியாகச் சொல்லும். நீளத்தையும் ஒருமுறை சோதி. துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 1472 பைட் பிங் அனுப்பு, ஐ.பி. ஹெடர் 20, ஐ.சி.எம்.பி. ஹெடர் 8 சேர்ந்து சரியாக 1500. சிறிய பிங் போய் இது போகவில்லை என்றால், வழியில் ஏதோ ஒன்று 1522 பைட் ஃபிரேமை ஏற்கவில்லை.

ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். டி.எஸ்.ஓ.வும் சேர்ந்து நின்றுபோனால் என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார். இப்போது ஒரு வி.எம். 64 கிலோபைட் வரையிலான பெரிய பாக்கெட்டை ஒரே துண்டாகச் சுவிட்சுக்குத் தர முடிகிறது. பக்கத்து வி.எம்.முக்குப் போனால் கடைசிவரை அது உடைவதே இல்லை. நிறுத்திவிட்டால் அதையே 45 துண்டாக அனுப்ப வேண்டும், ஒவ்வொரு துண்டும் சுவிட்சைத் தனித்தனியாகக் கடக்க வேண்டும். வீலேன் ஆஃப்லோடை மட்டும் நிறுத்தினால் செலவு குறைவு. ஆனாலும் டேக் போட்ட பாக்கெட்டுக்குத் தன்னால் என்னென்ன முடியும் என்று ஒவ்வொரு டிரைவரும் தனியாக அறிவிக்கிறது. அதில் டி.எஸ்.ஓ. விடுபட்டிருந்தால், வீலேன் பாக்கெட்டுகள் மட்டும் கெர்னலிலேயே துண்டாக்கப்படும். ஈ1000 டிரைவரில் பெறும் பக்கத்தை நிறுத்தினால் அனுப்பும் பக்கமும் கூடவே நிற்கும். அதனால் ஒரு மாற்றம் செய்ததும் ஈத்டூல் பட்டியலை முழுதாக மறுபடி எடுத்து, நீ தொடாத வரிகள் ஏதும் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடு.

விசாரித்து முடித்தபின், குறிப்பிட்ட ஒரு கார்டில் ஒரு வசதியை நிறுத்தத்தான் வேண்டும் என்று ஆனால் நிறுத்து. அந்த வரிக்கு மேலேயே கார்டின் பெயர், டிரைவர், ஃபர்ம்வேர், கெர்னல் பதிப்பு, கண்ட அறிகுறி, தேதி எல்லாவற்றையும் எழுது. உனக்குப் பிறகு வருபவர் புதிய கெர்னல் போடும்போது, அந்த வரி இனியும் வேண்டுமா என்று சோதித்து எடுத்துவிட அது உதவும். காரணம் எழுதாத வரியை எடுக்க யாருக்கும் தைரியம் வராது.

டிரைவரில்தான் பிழை என்று உறுதியானால், அதை உங்கள் அணிக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே. கெர்னல் மூலநிரலின் மேல் அடைவில் மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பு இருக்கிறது. எந்த டிரைவரை யார் பராமரிக்கிறார், எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்று அதில் உண்டு. எந்த எல்லையில் டேக் மாறுகிறது, எந்த வசதியை நிறுத்தினால் சரியாகிறது என்று பிடித்த பாக்கெட்டுகளோடு எழுது. புதியவள் என்ன எழுதுவது என்று தயங்காதே. தெளிவாக எழுதிய புகாரை அங்கே மதிக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி